பாலம் வரைக்கும் அனுமதி

பிப்ரவரி 11

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதுவது முறை. ஒரு வருஷமாக ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு அதை எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்குகிறது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டை ஒட்டிய மனையில், பிள்ளைகள் கல்யாணத்தின்போது நீங்கள் உங்கள் கையால் கட்டிக்கொடுத்த மரவீட்டை இடிக்க அனுமதி கேட்டு நகராட்சியில் மனுக் கொடுத்திருக்கிறேன். மனை என் பேரில் இருக்கிறது. வீடு உங்கள் உழைப்பு. யாரோ சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே எழுதிவிடுவதுதான் மரியாதை என்று பட்டது. நகராட்சி ஆள் வந்து வேலியில் அறிவிப்பைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஆட்சேபம் உள்ளவர்கள் மாத இறுதிக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

பிள்ளைகள் பிரிந்த பிறகு என் மகள் என்னோடுதான் இருக்கிறாள். அவள் அறை ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே அந்த வீட்டுச் சமையலறை. அவள் திரையை விலக்கியே வெகுநாள் ஆகிறது. பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு தலைவாருகிறாள். கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணையெல்லாம் பரிசோதிக்கிற பெண்! "ஜன்னலத் திறந்தா என்னடி?" என்றால், "காத்து வேணும்னா ஃபேன் இருக்கும்மா" என்கிறாள். பெற்றவளால் எத்தனை நாள் இதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

அவர்களுக்குள் பெரிய சண்டைகூட இல்லை. சண்டை என்றால் நடுவில் போய் நின்றிருப்பேன். இரண்டு நல்ல பிள்ளைகள் ஒரே வீட்டில் மெல்ல மெல்லப் பேச்சு நின்று ஊமையாகிப் போனதற்கு எங்கே போய் நிற்பது?

போனில் சொல்லியிருக்கலாம். சுவர் மெல்லிசு, அவள் காதில் விழும்.

இப்படிக்கு,
நகராட்சி உறுப்பினர், ஏழாவது வார்டு

*

பிப்ரவரி 16

சம்பந்தி அம்மாவுக்கு,

மேலே ஐயா, கீழே நகராட்சி உறுப்பினர். உறையைப் பிரித்ததும் ஏதோ நோட்டீஸ் வந்துவிட்டது என்று பயந்து, உட்கார்ந்துகொண்டுதான் படித்தேன். பிரிகிறோம் என்று பிள்ளைகள் கையெழுத்துப் போட்டார்கள். நாம் இருவரும் எங்கேயும் போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அதனால் நான் சம்பந்தி என்றே எழுதுகிறேன். ஆட்சேபம் இருந்தால் மாத இறுதிக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

மருமகள் விளக்கைப் போட்டுக்கொண்டு தலைவாருகிறாள் என்று படித்தபோது மனசு கேட்கவில்லை. மருமகள் என்று எழுதிவிட்டேன், பழக்கதோஷம், அடிக்க மனம் வரவில்லை. நீங்கள் சொல்வது நியாயம். அந்த வீடு அவள் கண் முன்னால் இருக்கக் கூடாது.

ஆனால் இடிக்க வேண்டாம். நான் எடுத்துக்கொண்டு போகிறேன்.

சிரிக்காதீர்கள். சாமான்களைச் சொல்லவில்லை, வீட்டையே சொல்கிறேன். அடித்தளம் மட்டும்தான் கல். மேலே சுவர், கூரை, தரை எல்லாம் ஒரே மரச்சட்டத்தில் பூட்டியது. அடியில் இரும்பு உத்தரம் கொடுத்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, தாழ்வான டிரெய்லரில் ஏற்றினால் வந்துவிடும். துறைமுகத்தில் பெரிய இயந்திரங்களை நகர்த்துகிற வண்டிக்காரர் ஒருவர் பழக்கம். நான் கேட்டதும் அவர் சிரிக்கவில்லை. "எந்தப் பக்கமா திரும்பணும்?" என்றுதான் கேட்டார். ஆற்றுக்கு இந்தப் பக்கம் என் தச்சுப் பட்டறையை ஒட்டி மனை காலியாகக் கிடக்கிறது.

மகனிடம் சொன்னேன். "உங்க இஷ்டம்ப்பா" என்றான். எந்த முகத்தோடு சொன்னான் என்று திரும்பிப் பார்ப்பதற்குள் ரம்பத்தை ஓட்டிவிட்டான்.

உங்கள் நகராட்சியில் இதற்கு எப்படி அனுமதி கேட்பது என்று விசாரித்து எழுதுங்கள்.

அன்புடன்,
சம்பந்தி

*

பிப்ரவரி 25

சம்பந்தி அவர்களுக்கு,

ஆட்சேபம் இல்லை. அதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன்.

மற்றதைப் படித்துவிட்டு எனக்குத் தலை சுற்றியது. வீடு என்ன பெட்டி படுக்கையா, கிளம்பும்போது எடுத்துக்கொண்டு போக? இரண்டு நாள் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். வயசான மனுஷன் வேண்டுமென்றே என்னைச் சீண்டுகிறார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே வேலிப் பக்கம் போய், குனிந்து, வீட்டுக்கு அடியில் பார்த்தேன். கல் முடிந்து மரம் தொடங்குகிற இடத்தில் ஒரு விரல் இடைவெளி தெரிந்தது. அதற்குள்ளிருந்து காற்று வந்தது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும், அந்த வீடு தரையோடு ஒட்டியிருப்பதாகவே நினைத்திருந்தேன். வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

நகராட்சிக்குப் போனேன். மனுக்களை வாங்கும் குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அம்மா, வீடு கட்ட மனு இருக்கு. இடிக்க இருக்கு. வீட்டு மேல வீடு கட்ட இருக்கு. வீடு கெளம்பிப் போறதுக்கு இல்லம்மா." பொறியாளரைக் கூப்பிட்டார். அவரும் யோசித்து, கடைசியில் ஊர்வலத்துக்கான மனுவை எடுத்துக் கொடுத்தார். புறப்படும் இடம், சேரும் இடம், வழி எல்லாம் சரியாக வந்தது. கலந்துகொள்வோர் எண்ணிக்கை என்ற இடத்தில் மூவரும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். குமாஸ்தாதான் "ஒரு வீடுன்னு போடுங்க" என்றார்.

நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் குறி வைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். என் மனுவும் உங்கள் மனுவும் ஒரே நாளில் விசாரணைக்கு வரும். மனை என்னுடையது என்பதால் நான் அன்று ஓட்டுப் போட முடியாது.

முப்பது வருஷம் நர்ஸாக ஊசி போட்ட கை இது. இப்போது அதைத் தூக்கினால் ஒரு தெருவில் கடை வருகிறது, ஒரு வீட்டுக்கு மாடி வருகிறது. இன்னும் பழகவில்லை எனக்கு.

மகளிடம் இன்னும் சொல்லவில்லை. பட்டறை வேலையில் சாப்பாட்டை மறக்காதீர்கள்.

இப்படிக்கு,
சம்பந்தி

*

மார்ச் 19

சம்பந்தி அவர்களுக்கு,

அனுமதி கிடைத்துவிட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் விட்டுவிட்டுக் கடைசிப் பத்தியைத் தேடிப் போவீர்கள்.

நேற்றுதான் விசாரணை. அதே நாளில் உங்கள் ஊர் அதிகாரி புது அடித்தளத்தைப் பார்க்க வருவதால் வர முடியாது என்று எழுதியிருந்தீர்கள். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

என் நாற்காலியை விட்டு இறங்கிப் போய்ப் பொதுமக்கள் பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் எங்கள் உறுப்பினர்கள் எவ்வளவு உயரத்தில் தெரிகிறார்கள்! மருந்துக்கடைக்காரரும் டிரைவிங் ஸ்கூல்காரரும் தினம் என்னோடு டீ குடிக்கிறவர்கள்தான். அங்கிருந்து பார்க்க எனக்கே எழுந்து நிற்கத் தோன்றியது.

என் பக்கத்தில் சலூன்காரர் ஒருவர். கடை முன்பக்கத்தை ஓரடி நீட்டி இன்னொரு நாற்காலி போட அனுமதி கேட்டிருந்தார். முழங்காலில் கை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். நாளைக்கு யாருக்காவது சவரம் செய்ய வேண்டிய கை. அவருடைய மனு ஒரு நிமிஷத்தில் முடிந்தது. மேடையில் எல்லாரும் கையைத் தூக்கினார்கள், ஒருவர் தூக்கிக்கொண்டே கொட்டாவி விட்டார். இவர் வெளியே போய், வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தார். இப்படி எத்தனை பேருக்கு நான் பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே கை தூக்கியிருப்பேன்! ஒரு நாளும் அதற்குப் பிறகு அவர்கள் முகத்தைப் பார்த்ததில்லை.

பிறகு நம் வீடு. பொறியாளர் வரைபடத்தை விரித்தார். மின்கம்பிகளை மின்துறை ஆட்கள் தூக்கிப் பிடிப்பார்கள், மரம் எதையும் வெட்டத் தேவையில்லை, கிளைகளைக் கயிற்றால் இழுத்துக் கட்டினால் போதும் என்றார். டிரைவிங் ஸ்கூல்காரர், "முனை திரும்புமா சார்? அங்க என் ஸ்டூடண்ட்ஸே திரும்ப மாட்டாங்க" என்றார். சபையே சிரித்தது. மருந்துக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "நடுத்தெருவுல நின்னு போச்சுன்னா? அதுக்குக் கதவு நம்பர் யார் குடுக்கிறது? இடிக்கிறதுன்னா ஒரு நாள் வேலை. எதுக்கு இந்த வம்பு?" அவர் கேட்டது நியாயமாகவே பட்டது. இரண்டு மூன்று பேர் தலையை ஆட்டினார்கள்.

தலைவர் மணியைத் தட்டினார். "வீட்டைக் கொண்டுபோறவர் வரல. அவர் மனுவுக்கு ஆதரவாவோ எதிராவோ யாராவது பேசறீங்களா?"

பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. திரும்பினேன். என் மகள். கடையிலிருந்து நேராக வந்திருக்கிறாள், வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வேலியில் இரண்டாவது அறிவிப்பு தொங்குவதைப் பார்த்துத் தானாகவே தெரிந்துகொண்டிருக்கிறாள்.

மைக் வரைக்கும் அவள் வராமல் நின்ற இடத்திலேயே பேசினாள். "அந்த வீட்டுல நான் மூணு வருஷம் இருந்தேன். மழைக்காலத்துல ஊருல எல்லாக் கதவும் இறுகிக்கும், அந்த வீட்டுக் கதவு இறுகாது. ஒரு ஆணி வெளிய தெரியாது. எங்க ரெண்டு பேருக்கும் ஒத்து வரல. அது எங்க விஷயம். வீட்டு மேல எனக்கு ஒரு புகாரும் கிடையாது. இடிக்காதீங்க. போகட்டும்."

மருந்துக்கடைக்காரர் விடவில்லை. "இடிக்கணும்னு கேட்டதே உங்கம்மாதானேம்மா?"

"அவங்க என்னைக் கேக்கல சார்."

சபை மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. சம்பந்தி, நான் வளர்த்த பெண் அவள். காய்ச்சல் வந்தால் எந்தப் பக்கம் புரண்டு படுப்பாள் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அவளுக்குள் இப்படி ஒருத்தி நின்றுகொண்டிருக்கிறாள் என்று தெரியாது. எனக்குக் கூச்சமும் வந்தது, மயிர்க்கூச்சும் வந்தது. என் மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுந்து சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தலைவர் "சத்தமா" என்றார்.

கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. கடைசியாக மருந்துக்கடைக்காரரும், "போகுதா இல்லையான்னு நானும் பாத்துடறேன்" என்று தூக்கிவிட்டார்.

நிபந்தனைகள்: ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கிளம்ப வேண்டும். வண்டிக்கு முன்னால் மனைக்காரர் தரப்பில் ஒருவர் சிவப்புக் கொடியோடு நடந்து, எதிரே வருகிறவர்களை ஒதுக்கிவிட வேண்டும். எங்கள் நகராட்சியின் அனுமதி ஆற்றுப் பாலம் வரைக்கும்தான். பாலத்தில் உங்கள் ஊர் ஆள் கொடியை வாங்கிக்கொள்ள வேண்டும்.

கொடியை நானே பிடிக்கிறேன். முழங்கால் வலி இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சம்பந்தி

*

மார்ச் 24

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் நின்றுகொண்டே படித்தேன். "வீட்டு மேல எனக்கு ஒரு புகாரும் கிடையாது" என்ற இடத்தில் எழுத்து மங்கிப்போனதால், மிச்சத்தை மகனைப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தான். அன்று முழுக்க ஒரே பலகையை இழைத்துக்கொண்டிருந்தான். போதும்டா, காகிதமாகிவிடும் என்று நான்தான் நிறுத்தினேன்.

ஏப்ரல் முதல் ஞாயிறு வருகிறோம். ஒன்று சொல்லி வைக்கிறேன். வீடு கல்லை விட்டு எழும்பும்போது உள்ளிருந்து ஒரு சத்தம் வரும். மரம் தன் பாரத்தை மாற்றிக்கொள்கிற சத்தம். உடைகிறது என்று பயந்துவிடாதீர்கள்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். நர்ஸுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
சம்பந்தி

*

ஏப்ரல் 8

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் அன்று முக்கால்வாசி நேரம் வீட்டுக்கு அடியில் படுத்திருந்தீர்கள். உங்கள் வேலையின் பெருமையை நீங்கள் பார்க்கவே இல்லை. அதனால் எழுதுகிறேன்.

சத்தம் வரும் என்று சொல்லியிருந்தீர்கள். நான் எதிர்பார்த்தது வேறு. தூங்குகிற ஆளைத் தட்டி எழுப்பினால் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு முனகல் வருமே, அப்படி வந்தது. தெருவில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு வீட்டுக்கும் கல்லுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. வீட்டுக்கு அடியில் அந்தப் பக்கத்து வேலி தெரிந்தது, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களின் கால்கள் தெரிந்தன. எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு நிமிஷத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிற பழக்கம் எனக்கு உண்டு. அன்றும் பிடித்துக்கொண்டேன்.

டிரெய்லர் நகரத் தொடங்கியதும் நான் கொடியோடு முன்னால் போனேன். நாலு வீடு தாண்டவில்லை, முழங்கால் பிடித்துக்கொண்டது. பின்னாலிருந்து ஒரு கை வந்து கொடியை வாங்கிக்கொண்டது. "நீ போய் உட்காரும்மா." அவ்வளவுதான் சொன்னாள். வரமாட்டேன் என்று காலையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தவள்.

அவள் முன்னால் நடக்கிறாள். அவளுக்குப் பின்னால் தெருவை அடைத்துக்கொண்டு வீடு வருகிறது. ஓடுகிற குழந்தையின் பின்னால் பொறுமையாக வருகிற பெரியவர்போல அது மெதுவாக வந்தது. மின்துறை ஆட்கள் நீளக் கம்பால் வயர்களைத் தூக்கிப் பிடித்தார்கள். மாடிகளில் நின்றவர்கள் வாயில் கை வைத்தபடி நின்றார்கள். டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள், யாரும் சொல்லவில்லை. நம் சலூன்காரர் புது நாற்காலியில் ஒருவரைப் பாதி முகச் சோப்போடு விட்டுவிட்டு வெளியே வந்தார். சோப்புப் போட்டவரும் துண்டோடு பின்னாலேயே வந்துவிட்டார். முனையில் வீடு திரும்பியபோது அந்தச் சமையலறை ஜன்னல், மருந்துக்கடை மாடி ஜன்னலை உரசாமல் உள்ளங்கை அகலத்தில் தாண்டியது. உள்ளே மருந்துக்கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். கையை நீட்டினால் தொடலாம். அவர் கையை நீட்டி, தொடாமல் இழுத்துக்கொண்டார். நேற்றுக் கூட்டத்தில் யாரோ ஒருவர் மாடிக்கு அனுமதி கேட்டபோது, அவர் முதல் ஆளாகக் கை தூக்கினார்.

முனை திரும்பிய பிறகு வீடு என் கண்ணுக்குத் தெரியவில்லை. யாரோ நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். காலி மனையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடித்தளக் கல் மட்டும் இருக்கிறது. அதைப் பார்த்தால் எவ்வளவு சின்ன வீடு என்று தெரிகிறது.

மத்தியானம் மகள் வந்தாள். கால் கழுவினாள், சாப்பிட்டாள், இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "பாலத்துல யாருடி கொடிய வாங்கினது?" என்றேன். "ஆள் இருந்தாங்கம்மா" என்றாள். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்காமல் ஒரு தப்பு செய்தாயிற்று, கேட்டு இன்னொன்று செய்வானேன்?

ஆனால் உங்களைக் கேட்கலாம். பாலத்தில் என்ன நடந்தது? எழுதுங்கள்.

அன்புடன்,
சம்பந்தி

*

ஏப்ரல் 13

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

வீடு வந்து சேர்ந்தது. கீறல் இல்லை. பின்கதவுத் தாழ்ப்பாள் மட்டும் அரை நூல் விலகியிருந்தது, சரிசெய்துவிட்டேன். தண்ணீர் இணைப்புக்கு எங்கள் நகராட்சியில் மனுக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது மேடையில் இருப்பவர்கள் மேல் எனக்குப் பயம் போய்விட்டது. மகன் அந்த வீட்டில்தான் படுக்கிறான். வீடு எழும்பியபோது உங்களைப்போல நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அடியில் படுத்திருந்தவனுக்கு வேறு வழியில்லை.

இனி நமக்குள் எழுத ஒரு காரணமும் மிச்சமில்லை. காரணம் இல்லாமல் எழுத அனுமதி வேண்டுமா என்று குமாஸ்தாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

பாலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் தரப்பில் கொடி வாங்க என் பட்டறை ஆளைத்தான் அனுப்புவதாக இருந்தேன். பாலத்துக்கு வந்தபோது மகன் நின்றுகொண்டிருந்தான். வீட்டின் பாரத்துக்காகப் பாலத்தில் இரும்புத் தகடு போட வேண்டியிருந்ததால் நானும் முன்னால் வந்திருந்தேன். அதனால் காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை.

இருவரும் சற்று நேரம் வீட்டைத்தான் பார்த்தார்கள். நடுரோட்டில், ஆற்றுக்கு முன்னால், வெயிலில் அது நின்றது. நான் கட்டியதுதான். அன்று அதை யாரோ கட்டியதுபோல நானும் அண்ணாந்து பார்த்தேன்.

"ரொம்ப தூரம் நடந்துட்டே" என்றான் அவன்.

"செருப்புதான் கடிச்சிருச்சு" என்றாள். பிறகு, "சாயங்காலத்துல அடுப்பு முன்னாடி நிக்க முடியாது. வெயில் நேரா கண்ணுல அடிக்கும்."

"அங்க கிழக்க பாத்து நிக்கப்போகுது."

"அப்ப காலையில வெயில் வரும்." கொஞ்சம் யோசித்து, "நல்லதுதான்" என்றாள்.

கொடியைக் கொடுத்தாள், அவன் வாங்கிக்கொண்டான். என்னிடம் வந்து, "வரேன் மாமா. ராத்திரி முதுகுக்கு ஏதாவது தேய்ச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே நடந்தாள்.

பத்தடி போயிருப்பாள். என்னவோ தோன்றித் திரும்பிப் பார்த்தாள். அவன் கொடியைத் தரையில் இழுபடும்படி தொங்கவிட்டுக்கொண்டு, அவள் போன திசையையே பார்த்தபடி நின்றிருந்தான்.

"கொடிய தூக்கிப் பிடி!" என்று அங்கிருந்தே கத்தினாள். "பின்னாடி வீடு வருது!"

அவன் தூக்கிப் பிடித்தான். பாலத்துக்கு முகத்தைத் திருப்பி நடக்கத் தொடங்கினான். நான் வண்டிக்காரருக்குக் கையைக் காட்டினேன்.

அன்புடன்,
சம்பந்தி